கூப்பிட வைப்பதுதான் பாதி வேலை

லிங்க்ட்இன்னில் எனக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே அச்சு. "அண்ணா, நான் பி.இ. மெக்கானிக்கல். அரியர் எல்லாம் க்ளியர் பண்ணிட்டேன். கூகுள், அமேசான் மாதிரி கம்பெனிக்குப் போகணும்னா லீட்கோட்ல எத்தனை ப்ராப்ளம் முடிக்கணும்?" மெக்கானிக்கல் இருக்கும் இடத்தில் சிவில் வரும், பி.காம். வரும், ஒருமுறை பி.ஏ. ஆங்கில இலக்கியம் வந்தது. கேள்வி மட்டும் மாறாது. எத்தனை?

பதில் எழுதி எழுதி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே போட்டுவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு இந்தச் சுட்டியை அனுப்பினால் போதும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. இயற்பியல். தென்மாவட்டத்து அரசு கலைக் கல்லூரி. பள்ளியும் கல்லூரியும் தமிழ் மீடியம். படித்து முடித்ததும் சென்னைக்கு வந்து, ஒரு கம்பெனியின் நைட் ஷிப்ட்டில் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து டெஸ்டிங். டெஸ்டிங்கிலிருந்து ஓஎம்ஆர் சாலையில் ஒரு சின்ன ப்ராடக்ட் கம்பெனியில் டெவலப்பர். அதற்கும் பிறகுதான் இப்போது இருக்கும் இடம். பெங்களூரில், உங்கள் போனில் கண்டிப்பாக ஒரு ஆப்பாவது வைத்திருக்கும் கம்பெனி. பெயரைச் சொன்னால் நாளைக் காலையில் இன்பாக்ஸ் நிரம்பிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இப்படிப்பட்ட கம்பெனிக்குள் போவதில் இரண்டு கட்டம் இருக்கிறது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட வைப்பது ஒன்று, இன்டர்வியூவில் தேறுவது இன்னொன்று. வேறு துறையிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதற்கு மட்டும் ராப்பகலாகத் தயாராகிறார்கள். அடிபடுவதோ முதலாவதில். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், எதிரில் இருப்பவர் உங்கள் டிப்பார்ட்மென்ட்டைக் கேட்பதே அபூர்வம். கேள்வியைப் போடுவார், நீங்கள் எழுதுவதைப் பார்ப்பார். ஐஐடி பையனுக்கும் அதே கேள்விதான், அதே முக்கால் மணி நேரம்தான். நான் பார்த்ததில் இந்தத் தொழிலிலேயே ஓரளவு நியாயமான இடம் அதுதான். அந்த நாற்காலி வரை போவதில்தான் நியாயம் கிடையாது.

ஜான் வாஷமின் கதை இதற்கு நல்ல உதாரணம். கோடிங் இன்டர்வியூ யுனிவர்சிட்டி என்று கிட்ஹப்பில் ஒரு பெரிய பாடத்திட்டம் இருக்கிறதே, அதை எழுதியவர். 2016-ல் அதன் பெயர் கூகுள் இன்டர்வியூ யுனிவர்சிட்டி. பொருளாதாரப் பட்டதாரி, தானாகக் கற்று வெப் டெவலப்பராக வேலை பார்த்தவர். கூகுளில் சேரவேண்டும் என்று மாதக்கணக்கில், நாள் முழுக்க உட்கார்ந்து, அல்காரிதத்திலிருந்து ஆபரேட்டிங் சிஸ்டம் வரை படித்தார். படித்ததையெல்லாம் பட்டியலாகப் பொதுவில் போட்டார், உலகமே அதைப் பிரதி எடுத்தது. கடைசியில் கூகுள் அவரை இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை. தேறாமல் போனது வேறு, கூப்பிடவே இல்லை என்பது வேறு. பிறகு அமேசான் எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலை வரி விடாமல் டிக் அடிக்கும் நம் தம்பிகள் கதையின் இந்தப் பகுதியைப் படிப்பதில்லை. அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை, கையில் பல வருட வெப் டெவலப்மென்ட் அனுபவம் இருந்தது என்பதையும் படிப்பதில்லை.

ஏன் கூப்பிடுவதில்லை? பட்டம் தேவையில்லை என்றுதானே இந்தக் கம்பெனிகள் சொல்கின்றன? சொல்கின்றன, உண்மைதான். கூகுளின் வேலை விளம்பரங்களைத் திறந்து பாருங்கள். இளநிலைப் பட்டம், அல்லது அதற்கு இணையான நடைமுறை அனுபவம் என்று இருக்கும். அங்கே மனிதவளப் பிரிவின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-ல் நியூயார்க் டைம்ஸுக்குக் கொடுத்த பேட்டியில், கல்லூரி மதிப்பெண்ணை வைத்து ஆளை எடை போடுவதில் பெரிய பயன் இல்லை, மூளைக்கு வேலை வைக்கும் புதிர்க் கேள்விகள் வெறும் நேர விரயம் என்றார். கல்லூரிப் பக்கமே போகாதவர்கள் 14 சதவீதம் இருக்கும் குழுக்களும் உண்டு என்றார். எல்லாம் சரி. ஆனால் அந்த "அல்லது"வுக்குப் பிறகு வருகிற அனுபவத்தைக் கவனியுங்கள். பட்டம் வேண்டாம் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. பட்டத்துக்குப் பதிலாக வேறொன்றைக் காட்டு என்று எழுதியிருக்கிறது. அதைக் காட்டுவது உங்கள் பொறுப்பு.

(சுந்தர் பிச்சையே மெட்டலர்ஜிதானே என்று ஒருவர் எழுதியிருந்தார். தம்பி, அது ஐஐடி கரக்பூர் மெட்டலர்ஜி. பிறகு ஸ்டான்ஃபோர்டு, வார்ட்டன். நம் கணக்கில் சேராது.)

நம் ஊரில் புதிதாக ஆள் எடுப்பது பெரும்பாலும் கேம்பஸில். பெரிய கம்பெனிகள் எந்தக் கல்லூரிக்குப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். மற்ற கல்லூரிகளுக்கு வரும் சர்வீஸ் கம்பெனிகள் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் கூடாது என்று ஒரு கோடு போட்டுவிடும். கலைக் கல்லூரிக்கு வருபவர்கள் அதிலும் குறைவு, வந்தாலும் பிபிஓ வேலையோடு வருவார்கள். விதிவிலக்கு உண்டு. பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து வேலையோடு எம்.டெக். படிக்கவைக்கும் விப்ரோவின் திட்டம், பன்னிரண்டாவது முடித்தவர்களை எடுக்கும் எச்சிஎல் டெக்பீ, இவற்றில் சேர்ந்து நன்றாக வந்தவர்களை எனக்குத் தெரியும். ஜோஹோவை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். பன்னிரண்டாவதோ டிப்ளமாவோ முடித்தவர்களைத் தன் ஜோஹோ ஸ்கூல்ஸில் சேர்த்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து, பயிற்சி முடிந்ததும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. 2000-களின் நடுவிலிருந்து நடக்கிறது, தென்காசியிலும் வளாகம் இருக்கிறது. பிக் டெக் என்றால் அமெரிக்கக் கம்பெனி மட்டும்தான் என்று நினைத்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

நடுவில் ஒரு படி வேண்டும். என் அனுபவத்தில் முக்கியமான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இயற்பியல் பட்டத்தோடு நேராகப் பெரிய கம்பெனிக்குப் போட்ட விண்ணப்பங்கள் எங்கே போயின என்றே தெரியாது. பதில் வருவதே அபூர்வம், வந்தாலும் இயந்திரம் அனுப்பிய மெயில். ஆனால் சப்போர்ட்டிலிருந்து டெஸ்டிங்குக்குப் போவது, அதே கம்பெனிக்குள், நடக்கக்கூடிய காரியம். டெஸ்டிங்கிலிருந்து ஆட்டோமேஷன், ஆட்டோமேஷனில் எழுதுவதும் நிரல்தான். அங்கிருந்து இருபது, முப்பது பேர் இருக்கும் ப்ராடக்ட் கம்பெனி. அந்த அளவுள்ள கம்பெனிக்குப் பட்டம் பார்க்க நேரமில்லை, அடுத்த வாரம் வேலை முடியவேண்டும். அங்கே இரண்டு மூன்று வருடம் நிஜமாக எதையாவது கட்டினால், அடுத்த ரெஸ்யூமேயின் முதல் வரியில் கல்லூரி இருக்காது, கட்டியது இருக்கும்.

முதல் படி எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு: சப்போர்ட்டில் தினமும் ஒரே வேலை இருந்தது. ஒரு திரையில் வரும் பிழை எண்களை எடுத்து எக்செல்லில் ஒட்டி, வகை பிரித்து, விடியற்காலையில் கிளையன்ட்டுக்கு அனுப்பவேண்டும். ஆள் மாற்றி ஆள் செய்வோம், எல்லோருக்கும் வெறுப்பு. பைத்தான் கற்க ஆரம்பித்திருந்த நேரம். லாக் ஃபைலைப் படித்து அந்தப் பட்டியலைத் தானே போடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அழகான நிரல் கிடையாது. ஆனால் அந்த வாரத்திலிருந்து எங்கள் ஷிப்ட்டில் யாரும் கையால் ஒட்டவில்லை. டீம் லீட் வந்து, "என்னப்பா, இது நீ எழுதுனதா?" என்றார். "ஆமாண்ணா." "டெஸ்டிங் டீம்ல ஆள் கேட்டுட்டு இருக்காங்க, உன் பேரைச் சொல்லவா?" அவ்வளவுதான் நேர்காணல்.

பட்டத்துக்குப் பதிலாகக் காட்டவேண்டிய அனுபவம் என்றேனே, அது இந்த வகை. கோர்ஸ் முடித்த சான்றிதழும், எல்லோரும் செய்கிற டு டூ லிஸ்ட் ப்ராஜெக்டும் யார் கண்ணையும் நிறுத்தாது. உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கும். ஸ்பின்னிங் மில்லாக இருக்கலாம், ஆடிட்டர் அலுவலகமாக இருக்கலாம், லேப் டெக்னீஷியனாக இருக்கலாம். அங்கே யாரோ தினமும் கையால் செய்து அலுத்துப்போகும் ஒன்று கண்டிப்பாக இருக்கிறது. அதை நிரலாக்கி, நாலு பேர் உபயோகிக்கும்படி வைத்தால், "என்ன பிரச்சினை, யார் உபயோகித்தார்கள், என்ன மாறியது" என்று மூன்று வரி எழுதலாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த பையனிடம் அந்த மூன்று வரி இருக்காது.

வேலையே இல்லாதவர்கள் திறமூலத் திட்டங்கள் பக்கம் போகலாம். கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-லிருந்து நடக்கிறது. முன்பு மாணவர்களுக்கு மட்டும், 2022 முதல் 18 வயது தாண்டிய புதியவர்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் பயமாக இருந்தால் முதலில் தமிழிலேயே வாசித்துப் பழக 2012-லிருந்து கணியம் இதழ் இருக்கிறது. சென்னையில் லினக்ஸ் குழுவின் கூட்டங்களுக்குப் போனால், பட்டம் கேட்காமல் உங்களோடு உட்கார்ந்து டெர்மினலைத் திறக்கும் மனிதர்கள் கிடைப்பார்கள். எனக்குக் கிட் என்றால் என்னவென்று புரிந்தது அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையில்தான்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி எல்லோர் காதிலும் விழும். ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ். ஏதோ ஒரு கன்சல்டன்சி மூன்று வருட அனுபவச் சான்றும் சம்பள ஸ்லிப்பும் தயார் செய்து கொடுக்கும், லட்சக்கணக்கில் வாங்கும். இன்னொரு வகை பேக்டோர், பணம் கட்டினால் வேலை. கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஒழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை, நடைமுறையாகவே ஓடாது. பெரிய கம்பெனிகள் வேலையை உறுதி செய்யும் முன் பின்னணிச் சரிபார்ப்பு வைக்கின்றன. 2014-லிருந்து பிஎஃப் கணக்குகளுக்கு யுஏஎன் என்ற ஒரே எண் இருக்கிறது. எந்தக் கம்பெனியில் எந்த மாதம் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அதில் வரிசையாக நிற்கும். இன்டர்வியூவில் தேறி, ஆஃபர் கையில் வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, பிறகு இந்தச் சரிபார்ப்பில் வேலை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நிஜமாகவே நன்றாக நிரல் எழுதுவான் என்பதுதான் எரிச்சல். டெஸ்டிங்கில் இருந்த உண்மையான அனுபவத்தை எழுதியிருந்தாலே போதுமாயிருந்தது.

நோட்டீஸ் பீரியட் பற்றியும் ஒரு வரி. பல சர்வீஸ் கம்பெனிகளில் 90 நாள். சின்ன ப்ராடக்ட் கம்பெனிகள் அத்தனை நாள் காத்திருக்காது. முதல் ஃபோனிலேயே இதைப் பேசிவிடுங்கள், கடைசிச் சுற்று வரை மறைத்து வைக்காதீர்கள்.

அடுத்தது ரெஃபரல். ரெஃபரல் இருந்தால் வேலை கிடைத்துவிடும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. கிடைக்காது. அது செய்வதெல்லாம், உங்கள் ரெஸ்யூமேயை ஒரு மனிதர் திறந்து பார்க்கும் வாய்ப்பைக் கூட்டுவது. வேறு துறைக்காரருக்கு அதுவே பெரிய உதவி, ஏனென்றால் இயந்திர வடிகட்டலில் முதலில் விழுவது நாம்தான். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நீங்கள் வேலைக்குச் சேர்ந்தால் ரெஃபர் செய்தவருக்கும் பெரும்பாலும் போனஸ் உண்டு. ஆனால் "ஹாய் அண்ணா, ப்ளீஸ் ரெஃபர்" என்று மட்டும் அனுப்பினால் நான் என்ன செய்வது? எந்த வேலை, அதன் ஐடி எண் என்ன, ஒரு பக்க ரெஸ்யூமே, அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரி. இவ்வளவும் ஒரே செய்தியில் வந்தால் அஞ்சு நிமிடத்தில் போட்டுவிடுவேன். இப்படி அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு, அதனாலேயே நினைவில் நிற்பார்கள்.

சரி, கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது லீட்கோட்.

பொதுவான அமைப்பு இது: ரெக்ரூட்டரோடு ஒரு ஃபோன், ஒரு ஆன்லைன் தேர்வு அல்லது ஒரு கோடிங் சுற்று, அதைத் தாண்டினால் நாலைந்து சுற்றுகள். அதில் பாதிக்கு மேல் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம். அனுபவம் கூடக்கூட சிஸ்டம் டிசைன் சேரும். கடைசியில் நடத்தை பற்றிய சுற்று. அமேசானில் பார் ரெய்சர் என்று ஒருவர் வருவார். உங்களை எடுக்கப்போகும் குழுவைச் சேராதவர், தரம் இறங்காமல் பார்ப்பது அவர் வேலை. கூகுளில் உங்களை நேரில் பார்க்காத ஒரு குழு எல்லோருடைய குறிப்புகளையும் வாசித்துத் தீர்மானிக்கும்.

"எத்தனை ப்ராப்ளம்" கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கை முக்கியமில்லை. ஒரு கணக்கைப் பார்த்ததும் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். எல்லோரும் முதலில் போடும் டூ சம்மையே எடுத்துக்கொள்வோம். எண்களின் பட்டியல் ஒன்று, அதில் எந்த இரண்டைக் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும்? ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம். பட்டியலில் 10 லட்சம் எண் இருந்தால் ஏறத்தாழ 50,000 கோடி ஜோடிகள். கம்ப்யூட்டர் ஒரு நொடிக்கு இப்படிப் பத்து கோடிச் சின்ன வேலைகள் செய்யும் என்று வைத்தால், ஒன்றரை மணி நேரத்தைத் தொடும். இன்னொரு வழி, போகிற போக்கில் பார்த்த எண்களையெல்லாம் ஹாஷ் மேப்பில் போட்டுக்கொண்டே போவது. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பார்களே, திரும்பி வந்ததும் மொத்தக் குவியலையும் கிளறாமல் அந்த எண்ணுள்ள கட்டத்துக்கு நேராகக் கைபோகிறதே, அதுதான் ஹாஷ் மேப். ஒவ்வொரு எண்ணுக்கும் "எனக்குத் தேவையான ஜோடி ஏற்கெனவே வந்துவிட்டதா?" என்று ஒரே ஒரு பார்வை. 10 லட்சம் பார்வையில் வேலை முடிந்தது, ஒரு நொடிகூட ஆகாது.

இதைப் புரிந்துகொண்டால், கணக்கின் கீழே கொடுத்திருக்கும் வரம்புகளைப் படித்தே வழியை ஊகிக்கலாம். பட்டியலின் நீளம் ஒரு லட்சம் வரை என்று போட்டிருந்தால், எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடும் வழி 1,000 கோடி, ஆகாது. வரிசைப்படுத்திவிட்டுத் தேடும் வழி சுமார் 17 லட்சம், தாராளமாக ஆகும். நீளம் வெறும் 20 என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார் என்று அர்த்தம், பத்து லட்சத்துச் சொச்சம்தான் வரும். இந்த உத்தேசக் கணக்கு எனக்கு இயல்பாக வந்தது. இயற்பியல் வகுப்பில் விடையைக் கண்டுபிடிக்கும் முன்பே அது எந்த அளவில் இருக்கும் என்று மதிப்பிடச் சொல்லித்தருவார்கள். மூன்று வருடப் படிப்பில் நேரடியாகக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

படிக்க எங்கே போவது? சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் என்பிடெல்லில் நடத்தும் பாடங்கள், பைத்தானில் ஒன்று, அல்காரிதம் வடிவமைப்பில் ஒன்று. இலவசம். நம் ஊர்க்காரர் நிதானமாகப் பேசுவதுபோல இருக்கும், ஆங்கிலம் தடையாகத் தோன்றாது. பிறகு பயிற்சிக்கு பிளைண்ட் 75 என்ற பட்டியல், அது போதாவிட்டால் அதன் நீட்சியான நீட்கோட் 150. கேல் லாக்மன் மெக்டவலின் கிராக்கிங் த கோடிங் இன்டர்வியூவில் 189 கேள்விகள் இருக்கின்றன. எனக்குக் கேள்விகளைவிட முன்பகுதியில் இன்டர்வியூ எப்படி நடக்கிறது என்று அவர் விளக்கும் இடம்தான் உதவியது. லட்ச ரூபாய் கட்டும் பயிற்சி வகுப்புகளைப் பற்றிக் கேட்டால், தனியாக உட்கார்ந்தால் படிக்கவே முடியாது என்பவர்களுக்கு மட்டும் சரி. உள்ளடக்கம் வெளியே இலவசமாகவே கிடக்கிறது.

இந்த இன்டர்வியூ முறையே அபத்தம் என்று திட்டுபவர்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மேக் கணினியில் மென்பொருள் நிறுவ உலகமே உபயோகிக்கும் ஹோம்ப்ரூவை எழுதியவர் மேக்ஸ் ஹவல். பைனரி ட்ரீயைத் திருப்பிப்போடும் கணக்கை வெள்ளைப் பலகையில் செய்யவில்லை என்று கூகுள் தன்னை நிராகரித்ததாக 2015-ல் ட்விட்டரில் பொங்கினார். நிஜ வேலையில் நான் இதுவரை ஒரு ட்ரீயைக்கூடத் திருப்பிப்போட்டதில்லை. ஆனாலும் வெளியிலிருந்து வரும் நமக்கு இந்த அபத்தம் சாதகம். பாடத்திட்டம் தெரிந்த பரீட்சை இது. யார் வேண்டுமானாலும் படித்து எழுதலாம். "எங்கள் கல்ச்சருக்குப் பொருந்துவாரா" என்று மட்டும் பார்த்து ஆள் எடுத்தால், அவர்கள் பேசுகிற ஆங்கிலமும் போன கல்லூரியும்தான் ஜெயிக்கும்.

ஆங்கிலம் என்றதும் நினைவுக்கு வருகிறது, தமிழ் மீடியத்தில் வந்தவர்களுக்கு உண்மையான கஷ்டம் இங்கேதான். கணக்கை மனதுக்குள் போட்டால் போதாது, போடும்போதே வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஏன் இந்த வழி, வேறென்ன யோசித்தேன், எங்கே சிக்கும் என்று. நாம் தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, கையால் நிரலும் எழுதவேண்டும். மூன்று வேலை ஒரே நேரத்தில். அமைதியாக உட்கார்ந்து சரியான விடையை எழுதிவிட்டு வெளியே வந்து, "நல்லா பண்ணேன், ஏன் எடுக்கலை?" என்று கேட்ட நண்பர்கள் எனக்கு நிறைய. எதிரில் இருப்பவரின் குறிப்பேட்டில் எழுத ஒன்றுமே கிடைத்திருக்காது.

இதற்கு எனக்குப் பலித்த வழி: முதலில் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். ரூமில் கூட இருந்தவன் பி.காம்., அவனை உட்காரவைத்து, "இப்ப இந்த லிஸ்ட்டை சார்ட் பண்றேன், ஏன்னா..." என்று ஆரம்பிப்பேன். அவனுக்கு ஒன்றும் புரியாது, ஆனால் "ஏன்?" என்று நடுநடுவே கேட்பான். அந்த "ஏன்" போதும். சொல்லிச் சொல்லித் தமிழில் ஒழுங்கு வந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினேன். தேவைப்படும் வாக்கியங்கள் கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப வருபவை. இலக்கணம் பிசகினால் யாரும் மார்க் குறைப்பதில்லை. பேச்சு நின்றுபோனால்தான் குறைகிறது. கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். "கேட்டா தப்பா நினைப்பாங்களோ" என்று நம் பள்ளிக்கூடம் ஊட்டிய பயத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அங்கே கேள்வி கேட்பதற்குத்தான் மதிப்பெண்.

நடத்தைச் சுற்றில் நமக்குத்தான் சாதகம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அமேசானுக்கு 16 தலைமைப் பண்புக் கோட்பாடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம் கேட்பார்கள். வாடிக்கையாளருக்காக எல்லை தாண்டிச் செய்தது எது? அதிகாரம் இல்லாமல் ஒரு காரியத்தை முடித்தது எப்போது? கல்லூரியிலிருந்து நேராக வரும் பையன் ஃபைனல் இயர் ப்ராஜெக்டையே நாலு விதமாகச் சொல்வான். நைட் ஷிப்ட்டில் கோபக்கார அமெரிக்கரைச் சமாளித்தவனிடமும், மில்லில் மெஷின் நின்றபோது சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டியவனிடமும் கதைக்குப் பஞ்சமா? சூழ்நிலை, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் சொல்லப் பழகினால் போதும். ஒன்று மட்டும் கவனம். "நாங்க பண்ணோம், நாங்க பண்ணோம்" என்று அடக்கமாகப் பேசுவது நம் வழக்கம். அவர்களுக்கு "நான்" வேண்டும்.

உள்ளே போன பிறகு என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ் உள்ளே எப்படி ஓடுகிறது, இவையெல்லாம் மற்றவர்களுக்குக் கல்லூரியில் நாலு செமஸ்டர் ஓடியிருக்கும், நமக்கு ஓடவில்லை. முதல் வருடம் மீட்டிங்கில் பாதி புரியாது. குறித்துக்கொண்டு வந்து ராத்திரி படிப்பதைத் தவிர வேறு வழி நான் கண்டதில்லை.

காலமும் மாறியிருக்கிறது, மறைக்கவேண்டியதில்லை. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000 என்று அடுத்தடுத்து அறிவித்தன. அனுபவசாலிகள் வெளியே நிற்கும்போது புதியவருக்கு அழைப்பு வருவது கஷ்டம்தான். ஏஐ வந்தபிறகு சின்னச் சின்ன நிரல் வேலைக்குத் தனியாக ஆள் எடுப்பதும் குறைகிறது. ஆன்லைன் இன்டர்வியூவில் திரைக்குப் பின்னால் ஏஐ வைத்து விடை சொல்பவர்கள் பெருகியதால், கம்பெனிகள் மறுபடி நேரில் கூப்பிட ஆரம்பித்திருக்கின்றன. 2025-ல் சுந்தர் பிச்சையே ஒரு சுற்றாவது நேரில் இருக்கும் என்றார். வாய்விட்டுப் பேசிப் பழகச் சொன்னேனே, அதன் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

கடைசியாக, பட்டமே வேண்டாம் என்று கல்லூரியை விட்டுவிட நினைப்பவர்களுக்கு. கம்பெனி கேட்காவிட்டாலும் விசா கேட்கும். அமெரிக்க எச்1பி-க்கு, பார்க்கும் வேலையோடு தொடர்புள்ள நாலு வருட இளநிலைப் பட்டத்துக்கு இணையான தகுதி வேண்டும். நம் பி.எஸ்சி. மூன்று வருடம். குறையும் ஒவ்வொரு படிப்பு வருடத்துக்கும் மூன்று வருட வேலை அனுபவத்தைக் கணக்கில் காட்டலாம் என்று விதி இருக்கிறது. ஆக பி.எஸ்சி.காரருக்கு மூன்று வருடம், பட்டமே இல்லாதவருக்குப் பன்னிரண்டு. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வேறு அறிவித்துவிட்டார்கள். ஜெர்மனி பரவாயில்லை. 2023 நவம்பரிலிருந்து, கடைசி ஏழு வருடத்தில் மூன்று வருட ஐடி அனுபவம் இருந்தால் பட்டம் இல்லாமலும் ப்ளூ கார்டு கேட்கலாம், சம்பள வரம்பைத் தொட்டால் போதும். இந்தியாவிலேயே இருக்கப்போகிறேன் என்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. மற்றவர்கள், வேலையை விடாமல், ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயன்ஸ் பட்டத்தைப் பாருங்கள். ஜேஇஇ வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு எழுதினால் போதும். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்கும். எங்கள் சித்தி பையன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஹோசூரில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே அதில்தான் படிக்கிறான். அவனுக்கு ரெஃபரல் போடும் நாள் வரட்டும், அப்போது அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன்.